டிரெசர் பதில்கள்: கவனமாக இருந்தால் மட்டும் போதுமா?

மலேசியாவின் சுங்கை சிப்பூட் வட்டாரத் தோட்ட மருந்தகங்களில் டிரெசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் நம் டிரெசர் ஐயா. வீட்டிலும் வேலைக்காட்டிலும் நடக்கும் விபத்துகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.

கேள்வி: ஐயா, மகளும் மருமகனும் ஈப்போவில் ஃபேக்டரி வேலை. பேரனை நான்தான் பார்க்கிறேன். ஒரு வயது முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. போன மாதம் மேசை விரிப்பைப் பிடித்து இழுத்துவிட்டான். மேலே இருந்த சூடான மைலோ அவன் தோளிலும் கையிலும் கொட்டிவிட்டது. புண் ஆறிவிட்டது, தழும்புதான் இருக்கிறது. பிள்ளைக்குக் கண்டம் இருக்கிறது, மந்திரித்துக் கழுத்தில் கயிறு கட்டு என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். மருமகன் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் முகம் சரியில்லை. நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். இன்னும் எப்படிக் கவனமாக இருப்பது?
— ஒரு பாட்டி, ஜாலோங்

பதில்: அம்மா, உங்கள் கவனத்தில் எந்தக் குறையும் இல்லை. ஒரு வயதுப் பிள்ளையை நாள் முழுக்கக் கண் இமைக்காமல் பார்க்க யாராலும் முடியாது. அடுப்பில் பால் பொங்கும், போன் அடிக்கும், வாசலில் ரொட்டிக்காரர் ஹார்ன் அடிப்பார். நாம் திரும்பும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் எல்லாம் நடக்கும். அதனால் பிள்ளையைப் பார்த்தது போதும், இனி மேசையைப் பாருங்கள்.

எழுந்து நிற்கப் பழகுகிற பிள்ளை எதையாவது பிடித்துக்கொண்டுதான் நிமிரும். மேசையில் நான்கு விரல் அளவுக்குத் துணி தொங்கினால் போதும், அதைத்தான் பிடிக்கும். பிடித்த கையோடு அப்படியே பின்னால் சாய்ந்து உட்காரும். துணி வரும், துணியோடு மங்கும் வரும். பிள்ளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொட்டுவதால் முகம், கழுத்து, தோள், நெஞ்சு என்று அந்த வரிசையில்தான் படும். தோட்ட மருந்தகத்துக்கு வந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குக் காயம் அங்கேதான் இருந்தது. உங்கள் பேரனுக்கு முகத்தில் படாதது பெரிய விஷயம்.

நாளைக் காலையில் ஒரு வேலை செய்யுங்கள். அடுக்களைத் தரையில் பேரன் உயரத்துக்கு உட்கார்ந்து சுற்றிலும் பாருங்கள். முட்டி வலித்தால் மகளை உட்காரச் சொல்லுங்கள். நின்றுகொண்டு பார்த்தபோது கண்ணில் படாததெல்லாம் அப்போது படும். ஜக் கேத்தலின் ஒயர் மேசை ஓரத்தில் தொங்கும். வாணலியின் பிடி அடுப்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வெந்நீர் பிளாஸ்க் முக்காலி மேல் இருக்கும். விரிப்பை எடுத்துவிடுங்கள். ஒயரைச் சுருட்டிக் கட்டி, கேத்தலைச் சுவர் ஓரமாகத் தள்ளுங்கள். வாணலிப் பிடியை உள்பக்கமாகத் திருப்புங்கள். முடிந்தால் அடுக்களை வாசலுக்கு ஒரு சின்னப் பலகைக் கதவு அடியுங்கள். இதை ஒரு தடவை செய்தால் போதும். கவனமாக இருப்பதை ஒவ்வொரு நிமிடமும் செய்ய வேண்டியிருக்கும், ஒரு நாள் அது தவறத்தான் செய்யும்.

சூடு எவ்வளவு நேரம் இருக்கும் என்பதையும் நம் ஆட்கள் குறைவாகவே கணக்குப் போடுகிறார்கள். கலக்கி வைத்துக் கால் மணி நேரம் ஆன கோப்பிகூடச் சின்னப் பிள்ளையின் தோலைச் சுட்டுவிடும். 60 டிகிரி தண்ணீர் பெரியவர்கள் தோலையே ஐந்து வினாடியில் ஆழமாகச் சுடும். பிள்ளையின் தோல் மெல்லியது, அந்த நேரம்கூடத் தேவையில்லை. பேரனை மடியில் வைத்துக்கொண்டு கோப்பி குடிக்காதீர்கள். குளிப்பாட்ட வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம்தான் வெந்நீர். இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிடம். ஈரச் சட்டையையும் வளையல், அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள், வீங்கினால் அப்புறம் கழற்ற முடியாது. தோலோடு ஒட்டிய துணியை மட்டும் பிய்க்கக் கூடாது. ஐஸ் வேண்டாம். பற்பசை, சோயா கீச்சாப், வெண்ணெய், மாவு எதுவும் வேண்டாம். சுட்ட இடத்தில் காய்ந்து இறுகிப்போன பற்பசையோடு பிள்ளையைத் தூக்கி வருவார்கள். அதை ஊறவைத்துத் துடைத்து எடுக்கும்போது அந்தப் பிள்ளை அலறுவதைக் கேட்டவர்கள் யாரும் மறுபடி பற்பசையைத் தொட மாட்டார்கள். தண்ணீரில் காட்டியபின் சுத்தமான துணியால் லேசாக மூடி, நேராக கிளினிக்குக்குப் போங்கள். சின்னப் பிள்ளைக்குக் கொப்புளம் வந்தால், அது எவ்வளவு சிறியது என்றாலும் டாக்டர் பார்க்க வேண்டும்.

கண்டம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நானும் சாமி கும்பிடுகிறவன்தான். முனீஸ்வரர் கோயிலில் பேரன் பேரில் அர்ச்சனை செய்யுங்கள், உங்கள் மனசுக்கும் ஆறுதலாக இருக்கும். எனக்கு இருக்கும் வருத்தம் வேறு. 'நேரம் சரியில்லை' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது, விரிப்பு அதே மேசையில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அர்ச்சனையும் செய்யுங்கள், விரிப்பையும் எடுங்கள்.

கழுத்தில் மட்டும் கயிறு கட்டவே வேண்டாம். கயிறு எதிலாவது மாட்டினால் பிள்ளையால் அவிழ்க்கவும் தெரியாது, கத்தவும் முடியாது. தாயத்துதான் வேண்டும் என்றால் தலையணை உறையில் வைத்துத் தைக்காதீர்கள், சாமி படத்தின் கீழே வையுங்கள், அங்கேயே இருக்கட்டும். ஸ்பிரிங் தொட்டில் கட்டியிருந்தால் கொக்கியையும் ஸ்பிரிங்கையும் வாரம் ஒரு முறை பாருங்கள், துரு ஏறியிருந்தால் மாற்றிவிடுங்கள். ஸ்பிரிங்குக்கு உள்ளே ஒரு கெட்டிக் கயிற்றை விட்டு மேலும் கீழும் முடிச்சுப் போட்டு வைத்தால், ஸ்பிரிங் அறுந்தாலும் தொட்டில் கீழே விழாது.

இந்தப் பக்கத்தை மருமகனிடம் படித்துக் காட்டுங்கள். அந்தப் பலகைக் கதவை அவர் அடித்துக் கொடுக்கட்டும்.

கேள்வி: என் வீட்டுக்காரர் செம்பனைத் தோட்டத்தில் மருந்து அடிக்கிறார். மிச்சம் இருப்பதைத் தண்ணீர்ப் போத்தலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, கோழிக் கூண்டுப் பக்கம் புல்லுக்கு அடிக்கிறார். சிங்க் அடியில் வைத்துப் பூட்டுகிறோம். பிள்ளைகளிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். இது போதுமா?
— ஒரு வாசகி, லிந்தாங்

பதில்: போதாது தங்கச்சி. பூட்டு நல்லதுதான், ஆனால் ஆபத்து அந்தப் போத்தலில் இருக்கிறது. தாகத்தோடு வருகிற மனிதன் தண்ணீர்ப் போத்தலைப் பார்த்தால் மூடியைத் திறந்து வாயில் கவிழ்ப்பான். பிள்ளை மட்டும் என்று நினைக்காதீர்கள், ராத்திரி மின்சாரம் இல்லாத நேரத்தில் உங்கள் வீட்டுக்காரரே எடுத்துக் குடிக்கலாம். ரப்பர் காலத்தில் பால் உறைய வைக்கும் ஆசிட்டை இப்படித்தான் ஆரஞ்சுப் போத்தலில் ஊற்றி வைப்பார்கள். அதைக் குடித்துத் தொண்டை வெந்துபோனவர்களைத் தோட்டத்தில் வளர்ந்த எல்லாருக்கும் தெரியும்.

பாராகுவாட் என்ற களைக்கொல்லியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் அரசாங்கம் 2002இல் அதற்குத் தடை என்று அறிவித்தது, 2006இல் அந்தத் தடையைத் தளர்த்தியது, கடைசியில் 2020 ஜனவரி 1 முதல் முழுதாகத் தடை செய்தது. அந்த இடைப்பட்ட வருடங்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. ஒரு வாய் உள்ளே போனாலே உயிரை எடுக்கக்கூடியது. மாற்று மருந்து கிடையாது. குடித்தவர் முதல் ஓரிரு நாள் எழுந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார், வீட்டாரும் பிழைத்துவிட்டார் என்று நிம்மதியாக இருப்பார்கள். அப்புறம்தான் நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டியாகி மூச்சு அடங்கும். நீலப் பச்சை நிறத்தில் பழைய சரக்கு எங்காவது கொட்டகை மூலையில் இருந்தால் வீட்டுக்குக் கொண்டுவரவே கூடாது, விவசாய இலாகாவிடம் சொல்லி ஒப்படைக்க வேண்டும்.

இப்போது அடிக்கிற மருந்துகள் சாது என்றும் நினைக்க வேண்டாம். குளுபோசினேட் என்ற களைக்கொல்லியைக் குடித்தவர் முதல் சில மணி நேரம் நன்றாகவே தெரிவார், அதன்பிறகு வலிப்பு வரும், மூச்சு திணறும். ஆகவே யாராவது தவறிக் குடித்துவிட்டால், பார்க்க எப்படி இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தி நுரையீரலுக்குள் போனால் இரண்டு மடங்கு கேடு. லேபிளோடு இருக்கிற கலனையும் கையோடு எடுத்துப் போங்கள். லேபிள் இருந்தால் டாக்டருக்கு என்ன விஷம் என்று தெரியும், பினாங்கு யூஎஸ்எம் பல்கலைக்கழகத்தில் இருக்கும் தேசிய நச்சு மையத்தைக் கேட்கவும் வசதி. தண்ணீர்ப் போத்தலைக் கொண்டுபோய்க் காட்டினால் யாருக்கு என்ன தெரியும்?

கோழிக் கூண்டுப் பக்கத்துப் புல்லைப் பாராங் எடுத்து வெட்டிவிடலாம், அதற்கு மருந்தே தேவையில்லை. மிச்ச மருந்து வேலைக்காட்டு ஸ்டோரிலேயே இருக்கட்டும், அந்தக் கணக்கைப் பார்ப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. மருந்து அடித்த சட்டையைப் பிள்ளைகள் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

கேள்வி: வெள்ளைப் பூண்டும் கந்தகமும் வீட்டைச் சுற்றிப் போட்டால் பாம்பு வராது என்பது உண்மையா?
— ஒரு மாணவர், சாலாக் உத்தாரா

பதில்: இல்லை தம்பி. பாம்பு எலியைத் தேடி வருகிறது, எலி கீழே சிந்திக் கிடக்கும் செம்பனைப் பழத்தையும் நம் கோழித் தீவனத்தையும் தேடி வருகிறது. தீவனத்தை மூடி போட்ட தோம்பில் வையுங்கள், விறகையும் பழைய தகரத்தையும் வீட்டுச் சுவரை விட்டுத் தள்ளி அடுக்குங்கள், ராத்திரி வெளியே போனால் டார்ச் இல்லாமல் போகாதீர்கள். காலணியைத் தட்டிவிட்டுப் போடுங்கள். கடித்துவிட்டால் கயிறு போட்டு இறுக்குவது, கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது மூன்றும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ கட்டை வைத்து அசையாமல் கட்டி, ஆளை நடக்க விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பாம்பை அடித்துப் பிடித்துக் கொண்டுவர வேண்டியதில்லை, தூரத்திலிருந்து போனில் ஒரு படம் கிடைத்தால் போதும். கண்ணில் நாகம் துப்பினால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும்.

கேள்வி: ஐயா, நான் காண்ட்ராக்டரிடம் செம்பனைக் குலை வெட்டுகிறேன். எங்கள் பீல்டில் ஒரு வரிசை மரங்கள் மின்கம்பிக்குப் பக்கத்திலேயே நிற்கின்றன. அலுமினியக் கம்புதான் கொடுத்திருக்கிறார்கள். போன வாரம் கூட்டாளியின் கம்பு கம்பியை உரசப் பார்த்தது. மண்டோரிடம் சொன்னேன். 'பார்த்து வெட்டுங்கடா' என்றார். என்ன செய்வது?
— ஓர் இளைஞர், சுங்கை சிப்பூட்

பதில்: தம்பி, அந்த வரிசையில் அந்தக் கம்போடு நிற்காதே. இதை மூத்தவனாக உரிமையோடு சொல்கிறேன்.

அண்ணாந்து மட்டையையும் குலையையும் பார்த்துக்கொண்டிருப்பவனுக்குக் கம்பின் நுனி எங்கே போகிறது என்று தெரியாது. அரிவாளை இழுத்தவுடன் குலை விழும், கம்பு துள்ளும். அந்தத் துள்ளலை எந்தக் கெட்டிக்காரனும் கட்டுப்படுத்த முடியாது. அலுமினியம் லேசானது, நாள் முழுக்கத் தூக்கினாலும் தோள் வலிக்காது, அதனால்தான் எல்லாரும் விரும்புகிறார்கள். ஆனால் மின்சாரத்தை அப்படியே கைக்குக் கொண்டுவந்து விடும். உயர் அழுத்தக் கம்பியைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை, ரொம்ப நெருங்கினாலே மின்சாரம் தாவும். கம்பு முழு நீளத்துக்கு நீண்டு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மின்கம்பியை எட்டாத தூரத்தில் இருக்கும் மரம்தான் உன் மரம். அதற்குள் இருப்பதை நிர்வாகம் மின்சார நிறுவனமான தெனாகாவிடம் பேசி, வேறு ஏற்பாடு செய்துதான் வெட்ட வேண்டும். அங்கே நின்ற மரத்தை எடுத்துவிடுவதுகூட ஓர் ஏற்பாடுதான்.

சட்டமும் உன் பக்கம் இருக்கிறது. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தைத் திருத்தினார்கள், அந்தத் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. வேலையிடத்தில் உடனடி ஆபத்து இருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்க எதுவும் செய்யாவிட்டால், அந்த வேலையை விட்டு விலகி நிற்க உனக்கு உரிமை உண்டு. அதற்காக உன்னைப் பழிவாங்கக் கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது. மண்டோரிடம் வாயால் சொன்னது போதாது. அந்த வரிசையைப் போனில் படம் எடுத்து, பீல்டு நம்பரையும் போட்டு, காண்ட்ராக்டருக்கும் தோட்ட ஆபீசுக்கும் வாட்சாப்பில் அனுப்பு. தேதியோடு அது நிற்கும். உன்னோடு வெட்டுகிற இந்தோனேசிய, வங்காளதேச ஆட்களுக்கும் சொல். 2019இலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளிகளுக்கும் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி) உண்டு, பலருக்கு அது தெரியவே தெரியாது.

யாருக்காவது மின்சாரம் அடித்துவிட்டால் ஓடிப்போய்க் கையைப் பிடிக்காதே, நீயும் விழுவாய். தள்ளி நின்று 999க்கு அடி, கம்பியில் மின்சாரத்தை நிறுத்தச் சொல். அதற்கு அப்புறம்தான் பக்கத்தில் போவது.

இன்னும் ஒன்று. வேலை முடிந்து மோட்டாரில் வரும்போது அரிவாளை உறை இல்லாமல் தோளில் சாய்த்துக்கொண்டு வருகிற பையன்களைப் பார்க்கிறேன். மேட்டில் ஒரு குதி குதித்தால் அந்த வளைந்த வாய் நேராகக் கழுத்துக்கு வரும். பழைய ரப்பர் ஹோஸில் ஒரு முழம் வெட்டி, நீளவாக்கில் கீறி, அரிவாளின் வாயில் மாட்டி, சைக்கிள் டியூப்பை மேலே சுற்றிக் கட்டு. காசு செலவே இல்லை. கண்ணுக்குக் கண்ணாடி போடு. பூவும் தூசியும் மேலிருந்து கொட்டிக்கொண்டேதான் இருக்கும், தேய்க்கத் தேய்க்கக் கருவிழி கீறிப் புண்ணாகும். செம்பனை முள் ஆழமாக ஏறினால் ஊக்கால் நோண்டாமல் கிளினிக்குப் போ, கடைசியாக ரணஜன்னி ஊசி எப்போது போட்டாய் என்றும் அவர்களிடம் சொல்.

கேள்வி: தமிழ்ப்பள்ளி எங்கள் வீட்டிலிருந்து அரைக் கட்டை தூரம்தான். இரண்டு பிள்ளைகளையும் மோட்டாரில் விடுகிறேன், சின்னவன் முன்னால் நிற்பான். இந்தத் தூரத்துக்கும் ஹெல்மெட் வேண்டுமா?
— ஒரு தாய், சுங்கை சிப்பூட்

பதில்: வேண்டும் அம்மா. மோட்டாரில் தலைக்கவசம் 1973இலேயே நம் நாட்டில் கட்டாயம் ஆகிவிட்டது, ஆனால் தோட்டப் பாதையும் தாமான் குடியிருப்புப் பாதையும் அந்தச் சட்டத்தில் சேராது என்று நம் ஆட்களுக்கு ஒரு நினைப்பு. சாலையில் சாகிறவர்களில் பாதிக்கு மேல் மோட்டாரில் போனவர்கள். பெரியவர் ஹெல்மெட்டைப் பிள்ளைக்குப் போடாதீர்கள், கண்ணை மறைக்கும், விழுந்தால் தலைக்கு முன்னால் அது பறந்துவிடும். பிள்ளை அளவில் சிரிம் தர முத்திரையோடு வாங்குங்கள், நாடாவுக்கும் தாடைக்கும் நடுவே இரண்டு விரல் போகும் அளவுக்கு இறுக்கிப் பூட்டுங்கள்.

முன்னால் நிற்கிற பிள்ளைதான் எதில் மோதினாலும் முதலில் அடிபடுவான். அவனை நிறுத்தவே கூடாது. இரண்டு பேரையும் ஒரே நடையில் கொண்டுபோக முடியாது, இரண்டு நடை போங்கள், அல்லது பக்கத்து வீட்டு அம்மாவோடு ஆளுக்கு ஒருவர் என்று பேசிக்கொள்ளுங்கள். பின்னால் உட்காரும் பிள்ளைக்குக் கால் மிதி எட்டுகிறதா பாருங்கள். எட்டாத கால் சக்கரத்துப் பக்கம் ஆடும், குதிகால் கம்பிக்குள் போகும். காலணியும் சாக்ஸும் போட்டிருந்தும் எலும்பு தெரிகிற மாதிரி உரிந்த குதிகால்களுக்குக் கட்டுப் போட்டிருக்கிறேன். மோட்டார் கடையில் சக்கரத்துக்கு மறைப்பு மாட்டித் தருவார்கள். உங்கள் ஷாலின் இரண்டு முனையையும் முன்னால் இழுத்து முடிந்துகொள்ளுங்கள், அது சங்கிலியில் சிக்கினால் உங்கள் கழுத்தைத்தான் இழுக்கும்.

கேள்வி: நான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். அம்மாவுக்கு 74 வயது, தாமான் வீட்டில் தனியாக இருக்கிறார். இரண்டு மாதத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தது. கைத்தடி வாங்கிக் கொடுத்தால் தொட மாட்டேன் என்கிறார். காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடாதே என்றால் அதற்கும் சண்டை.
— ஒரு மகன்

பதில்: தம்பி, கோலத்தை நிறுத்தச் சொல்லாதீர்கள். அவருக்கு அந்த நாள் தொடங்குவதே அதில்தான். தினமும் தண்ணீர் படுகிற சிமெண்டில் பாசி பிடிக்கும், பாசிதான் வழுக்கும். அடுத்த முறை வரும்போது குளோராக்ஸ் போட்டு நன்றாகத் தேய்த்துவிட்டு, கொத்தனாரைக் கூப்பிட்டு வாசல் சிமெண்டைச் சொரசொரப்பாகப் பூசச் சொல்லுங்கள். கோலம் போடக் குனியாமல் உட்கார்ந்து போட ஒரு குட்டை முக்காலி கொடுங்கள்.

குளியலறைக் கதவு உள்பக்கம் திறக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான தாமான் வீடுகளில் அப்படித்தான். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடப்பார், வெளியே இருப்பவர் தள்ளத் தள்ள அவர் மேலேயே இடிக்கும். வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றுங்கள். உள்ளே தாழ்ப்பாள் போட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள், தனியாகத்தானே இருக்கிறார். துண்டு போடும் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் வயதானவர்கள் எழுந்திருப்பார்கள், ஆள் கனத்தை அது தாங்காது. சுவரில் போல்ட் அடித்த கைப்பிடி ஒன்று கழிப்பறைப் பக்கமும் ஒன்று குளிக்கும் இடத்திலும் வேண்டும். குந்தும் கழிப்பறை என்றால் உட்காரும் நாற்காலி வையுங்கள்.

ராத்திரி எழுந்து போகிற வழிதான் இன்னும் ஆபத்து. கட்டிலிலிருந்து கழிப்பறை வரை ஒரு சின்ன விளக்கு விடியும் வரை எரியட்டும். வழியில் கால்மிதி வேண்டாம், ஒயர் வேண்டாம். கட்டில் ஓரத்தில் கால் தொங்கப் போட்டுக் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு எழச் சொல்லுங்கள். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். அவர் சாப்பிடுகிற மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள், கண்ணில் புரை இருக்கிறதா என்றும் பாருங்கள். அடி தேய்ந்த சிலிப்பரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பின்பக்கம் பிடிப்பு உள்ளதாக வாங்குங்கள். சாரோங் தரையில் புரண்டால் இரண்டு விரல் மேலே ஏற்றித் தைத்துவிடலாம்.

போனைச் சுவரில் உயரமாக மாட்டி வைத்தால் விழுந்தவருக்கு எட்டாது. குளியலறைக்கு வெளியே கை எட்டும் உயரத்தில் ஒன்று இருக்கட்டும். தினமும் காலையில் எதிர்வீட்டில் யாராவது ஒரு குரல் கொடுக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். மறுபடி விழுந்து ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால், அது இடுப்பு எலும்பு முறிவு. தூக்கி உட்கார வைக்காமல் 999க்கு அடிக்க வேண்டும், இதை எதிர்வீட்டாருக்கும் சொல்லி வையுங்கள்.

கைத்தடியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வீட்டைச் சரி செய்யுங்கள் முதலில்.

கேள்வி: தீபாவளிக்கு எண்ணெய் விளக்குக்குப் பதிலாக பேட்டரி விளக்கு வாங்கினோம். பிள்ளைகளுக்கு அதுதானே பாதுகாப்பு?
— ஒரு வாசகர், கோலகங்சார்

பதில்: நெருப்புக்கு ஆம். ஆனால் அந்த விளக்குக்கு அடியில் இருக்கும் பேட்டரி, சட்டைப் பொத்தான் அளவில் பளபளவென்று இருக்கும், சின்னப் பிள்ளை வாயில் போட்டுவிடும். உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் அங்கே சதையை அரித்துவிடும். காய்ச்சல், எச்சில் வடிதல், சாப்பிட மறுப்பது என்று சாதாரண நோய் மாதிரித்தான் முதலில் தெரியும். மூடி திருகாணி போட்டு மூடியதாக இருந்தால் மட்டும் வாங்குங்கள், மற்றதற்கு டேப் சுற்றுங்கள். விழுங்கிவிட்டது என்று சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரே எடுக்கும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு, விழுங்க முடிந்தால், போகிற வழியில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு தேக்கரண்டி தேன் கொடுக்கலாம். வேறு சாப்பாடு வேண்டாம், வாந்தி எடுக்கவும் வைக்க வேண்டாம். தேனுக்காகக் கடை தேடிப் போய் நேரத்தைக் கடத்தாதீர்கள்.

கேள்வி: திரைச்சீலை மாட்ட நாற்காலி மேல் ஏறி விழுந்து முதுகில் அடி. தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு சொக்சோ இருக்கிறது. எங்களைப் போன்ற வீட்டுப் பெண்களுக்கு ஒன்றுமே இல்லையா?
— ஒரு வாசகி, சுங்கை சிப்பூட்

பதில்: இருக்கிறது அம்மா, நம் பெண்களில் பலர் கேள்விப்பட்டதே இல்லை. இல்லத்தரசிகளுக்கென்று சொக்சோவே ஒரு காப்புத் திட்டம் நடத்துகிறது. 2022 டிசம்பர் 1இல் தொடங்கியது. வருடத்துக்கு 120 வெள்ளி சந்தா, ஒரே தவணையில் முன்கூட்டியே கட்ட வேண்டும். 55 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் சேரலாம். வீட்டு வேலை செய்யும்போது விபத்து நடந்தால் மருத்துவச் செலவு, ஊனம் ஏற்பட்டால் உதவித்தொகை என்று சில நன்மைகள் உண்டு. நீங்கள் விழுந்தது சந்தா கட்டுவதற்கு முன் என்பதால் இந்த முறைக்குக் கிடைக்காது. ஆனாலும் இப்போதே சேர்ந்துவிடுங்கள், கணவரிடம் வீட்டுச் செலவோடு சேர்த்து இதையும் கேளுங்கள். நீங்கள் செய்வதும் வேலைதான்.

முதுகை எக்ஸ்ரே எடுத்தீர்களா? காலில் மரத்துப்போன உணர்வு, மூத்திரம் போவதில் சிரமம் இருந்தால் ஒரு நாளும் தள்ளிப் போடாதீர்கள். திரைச்சீலைக்கு அகலமான மூன்று படி ஏணி ஒன்று வாங்குங்கள், சக்கரம் வைத்த நாற்காலியும் பிளாஸ்டிக் நாற்காலியும் ஏறுவதற்கு உதவாது. அந்தக் கம்பியையும் கை எட்டும் உயரத்துக்கு இறக்கி மாட்டிவிட்டால் ஏணிக்கே வேலை குறையும். சேர்ந்த பிறகு எப்போதாவது அடிபட்டால், அன்றைக்கே டாக்டரிடம் போய், எந்த நேரத்தில் என்ன வேலை செய்யும்போது விழுந்தீர்கள் என்று சொல்லிச் சீட்டில் எழுதி வாங்குங்கள். சந்தா ரசீதையும் அந்தச் சீட்டையும் ஒரே உறையில் வைத்துக்கொண்டு சொக்சோ ஆபீசுக்குப் போங்கள்.